எல்லாத் துறைக்கும் ஒரே மரக்காலா? ஆராய்ச்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆராய்ச்சிக் குழு உறுப்பினர்களுக்கும்,

2025 ஜூன் மாதச் சுற்றறிக்கை எங்கள் துறைக்கும் வந்தது. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 36 மாதத்துக்குள், ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்ப் பட்டியலில் க்யூ1 தரத்தில், அதாவது தன் துறையின் முதல் கால் பங்கில், உள்ள ஜர்னலில் இரண்டு கட்டுரை வந்திருக்க வேண்டும். இரண்டிலும் மாணவரின் பெயர் முதலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பல்கலைக்கழக உதவித்தொகை நிற்கும், அந்த மாணவரின் கைடுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய மாணவர் கிடையாது. இயற்பியல், தாவர மரபியல், கணிதம், உணவுப் பொருளியல் எல்லாவற்றுக்கும் இதே விதி. ஏற்கெனவே பதிவு செய்து பாதி வழியில் இருப்பவர்களுக்கும் இதே விதி.

நான் இங்கே 19 ஆண்டுகளாக நெல் மரபியல் நடத்துகிறேன். இந்தச் சுற்றறிக்கையால் உதவித்தொகையை இழக்கப்போகும் முதல் ஆள் என் மாணவி. அவள் கதையை நீங்கள் கேட்க வேண்டும்.

2022இல் பதிவு செய்தாள். கதிர் விடும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் நெல்லில் பதர் விழும். அதைத் தாங்கும் குணம் ஒரு பழைய நாட்டு ரகத்தில் இருக்கிறது. அது எந்த மரபணுப் பகுதியில் இருக்கிறது என்று தேடுவது அவள் வேலை. அந்த நாட்டு ரகத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பகல் குறுகினால்தான் பூக்கும். பகல் நீளும் சொர்ணவாரிப் பருவத்தில் விதைத்தால் இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும். ஆக, ஆண்டுக்கு ஒரே தலைமுறை, சம்பாவில் மட்டும். 2022 சம்பாவில் கலப்பு செய்தாள். காலையில் பூ விரிவதற்கு முன் உமியை நறுக்கி மகரந்தப் பையை எடுத்து, உறை போட்டு, அடுத்த நாள் மற்ற ரகத்தின் மகரந்தத்தை உதறி, ஒரு கதிரில் நாலைந்து மணி பிடித்தாலே பெரிய காரியம் என்று காத்திருக்கும் வேலை அது. 2023 சம்பாவில் முதல் தலைமுறை. 2024 சம்பாவில் இரண்டாம் தலைமுறை, அதாவது நாங்கள் எஃப்2 என்று சொல்வது. அதில் ஒவ்வொரு செடியும் தனி ஆள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. 312 செடிகளுக்கு அட்டை கட்டி எண் போட்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்துக்குச் சொந்த வயல் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். விழுப்புரம் பக்கம் ஒரு விவசாயியின் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துத்தான் இந்த வேலை நடக்கிறது. குத்தகைப் பணத்துக்கான பில் பாஸாகாமல் இரண்டு முறை என் கையிலிருந்து கொடுத்தேன். அதை இங்கே இழுக்கவில்லை, அது வேறு கதை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த நாள் விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. மூன்று நாள் கழித்துத்தான் வயலுக்குப் போக முடிந்தது. கதிர்கள் சேற்றில் படுத்திருந்தன. அட்டைகள் வரப்போரம் ஒதுங்கிக் கிடந்தன; எது எந்தச் செடியினுடையது என்று சொல்ல வழியில்லை. வறட்சி தாங்கும் நெல்லைத் தேடியவளின் வயலை வெள்ளம் கொண்டுபோனது. மரபணுவைப் படிக்க அந்த 312 செடிகளின் இலை மாதிரியும் அக்டோபரிலேயே எடுத்து எங்கள் குளிர்பெட்டியில் வைத்தாயிற்று. ஆனால் அந்தச் செடிகள் எத்தனை மணி பிடித்தன, எத்தனை பதராயின என்பது இனி யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு நோட்டு மாதிரி.

நல்ல வேளையாக, எஃப்2 விதையில் பாதியை அவள் விதைக்காமல் எடுத்து வைத்திருந்தாள். இந்த சம்பாவில் மறுபடி விதைக்கலாம். 2026 ஜனவரியில் அறுவடை. அப்புறம் ஆய்வகம், கணக்கு, எழுத்து. சுற்றறிக்கையின்படி அவளுடைய 36 மாதம் இந்த ஜூலையோடு முடிகிறது. நிலத்துக்காரர் போன வாரம் போனில், "ஏம்மா, இந்த வருஷமாவது உங்க நெல்லு களத்துக்கு வருமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் இப்போது அது மழை கையில் மட்டும் இல்லை.

நெல் ஆராய்ச்சி இவ்வளவு நாள் எடுக்குமா என்று உங்களில் யாருக்காவது தோன்றினால், உலகமே புகழும் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒடிசாவின் பழைய ரகத்திலிருந்து வந்த எஃப்ஆர்13ஏ என்ற நெல் தண்ணீருக்குள் மூழ்கியே இரண்டு வாரம் தாங்கும். அந்தக் குணம் எந்த இடத்தில் இருக்கிறது என்று 1996இல் கண்டார்கள். மரபணுவையே பிரித்தெடுத்து அறிவித்தது 2006இல். ஸ்வர்ணா-சப்1 என்ற ரகமாக நம் நாட்டு விவசாயி கைக்கு வந்தது 2009இல். இத்தனைக்கும் அது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த வேலை. 36 மாதக் கணக்கு வைத்திருந்தால் அதில் இருந்த முதல் இரண்டு மூன்று மாணவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

சரி, இது என் துறையின் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். அதனால்தான் மற்ற மூன்று துறைகளையும் இழுக்கிறேன். ஊழியர் குடியிருப்பில் என் பக்கத்து வீடுகளில் ஒரு கணிதக்காரர், ஓர் இயற்பியல்காரர், ஒரு பொருளியல்காரர் இருக்கிறார்கள். சுற்றறிக்கை வந்த அன்று மாலை நாலு பேரும் டீ குடித்துக்கொண்டே அதை வரி வரியாகப் படித்தோம். நாலு பேருக்கும் நாலு விதமாகக் கடித்தது.

கணிதக்காரர் சிரித்துவிட்டார். கணிதத்தில் இரண்டு பேர் சேர்ந்து கட்டுரை எழுதினால் பெயர்களை ஆங்கில அகர வரிசையில் போடுவதுதான் வழக்கம். யார் அதிகம் செய்தார்கள் என்பதற்கும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதற்கு ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதில் ஹார்டி பெயர் முன்னால், ராமானுஜன் பெயர் பின்னால். நம் சுற்றறிக்கைப்படி அந்தக் கட்டுரைக்கு ராமானுஜனுக்கு மதிப்பெண் பூஜ்யம். "ராமானுஜனுக்கே இங்கே ஃபெல்லோஷிப் கட்" என்றார் அவர். நாங்களும் சிரித்தோம். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

ஏனென்றால் ராமானுஜனுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்ததும் ஒரு தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம்தான். துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராக இருந்தவருக்கு, கையில் ஒரு பட்டமும் இல்லாதவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அதற்கு நிபந்தனை என்ன தெரியுமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை, செய்த வேலையை எழுதிக் கணிதப் பாடக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் அவர் அப்படி மூன்று அறிக்கை கொடுத்தார். இன்று 'ராமானுஜனின் மாஸ்டர் தேற்றம்' என்று சொல்லப்படுவது அந்த அறிக்கைகளில் இருக்கிறது. அவை எந்த ஜர்னலிலும் வரவில்லை. கேட்டார்கள், எழுதினார், வாங்கி வைத்தார்கள். 1913இல் முடிந்த ஒரு காரியம் இன்று ஏன் முடியாது என்பது என் கேள்வி.

கணிதத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. க்யூ1 போன்ற தரங்கள் மேற்கோள் எண்ணிக்கையை வைத்து வருபவை. அவற்றுக்கு முன்னோடியான இம்பாக்ட் ஃபேக்டர் என்பது, ஒரு ஜர்னலில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற சராசரி. கணிதத்தில் ஒரு நிரூபணத்தைப் படித்து, சரிபார்த்து, அதன் மேல் இன்னொருவர் வேலை செய்து கட்டுரை வெளிவருவதற்குள் அந்த இரண்டு ஆண்டு போய்விடும். இத்தனைக்கும் யூஜீன் கார்ஃபீல்டும் அவருடன் இருந்தவர்களும் இந்த எண்ணை வகுத்தபோது அதன் முக்கியமான பயன்களில் ஒன்று, நூலகர்கள் எந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவு செய்ய உதவுவது. அலமாரிக்கு வாங்கிய அளவுகோலை ஆள் மேல் வைக்கிறோம்.

இயற்பியல்காரர் கதை சின்னது. 2015இல் ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளின் நிறையை அளந்து ஒரு கட்டுரை வந்தது. 33 பக்கத்தில் 24 பக்கம் ஆசிரியர் பட்டியல், மொத்தம் 5,154 பேர். அங்கேயும் அகர வரிசைதான். அப்படி ஒரு கூட்டு முயற்சியில் நம் மாணவர் சேர்ந்தால் 'ஏ'வில் தொடங்கும் பெயராகப் பார்த்து மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டியதுதான். அது போகட்டும். அவருடைய சொந்த ஆய்வகத்தில் எக்ஸ்-கதிர் கருவி பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்காததால் ஒன்றரை ஆண்டாகத் துணி போர்த்திக் கிடக்கிறது. மாணவர்கள் படிகத்தைக் கூரியரில் வெளியூருக்கு அனுப்பி, மாதிரிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பும் 36 மாதத்தில்தான் சேர்த்தி. அவர் ஒன்று சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன்: சி.வி. ராமன் தன் 'புதிய கதிர்வீச்சு' (ராமன் விளைவு) பற்றிய விரிவான கட்டுரையை 1928இல் வெளியிட்டது இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ் இதழில். இன்று அந்த இதழ் க்யூ1 இல்லை. நம் மாணவர் அதில் போட்டால் கணக்கில் வராது.

பொருளியல்காரரின் மாணவர் விஷயம்தான் எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது. அந்தப் பையனின் கேள்வி ரொம்ப எளிமையானது. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அரிசிக்குப் போகாமல் மிச்சமான பணத்தில் குடும்பங்கள் என்ன வாங்குகின்றன? பருப்பா, முட்டையா, பாலா, இல்லை பிள்ளையின் டியூஷன் ஃபீஸா? இதற்குத் தேவை குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு. 2011-12க்குப் பின் 2017-18இல் எடுத்த கணக்கெடுப்பின் முடிவை வெளியிடப்போவதில்லை என்று ஒன்றிய அரசு 2019இல் அறிவித்துவிட்டது. அடுத்தது 2022-23க்கான கணக்கெடுப்பு. அதன் முதல் முடிவுகளே 2024 பிப்ரவரியில்தான் வந்தன. கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 2011-12இல் 52.9 சதவீதமாக இருந்தது 46.38 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்று அதில் தெரிந்தது. இடைப்பட்ட காலத்துக்கு நம்பிப் பயன்படுத்தத் தரவே இல்லை.

அந்தப் பையன் தரவு வரும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போய், ரேஷன் கடை வாசலில் நின்று, வீட்டுக்கு வீடு மளிகைச் சிட்டை பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். நல்ல கட்டுரை. நானே படித்தேன், பொருளியல் தெரியாத எனக்கும் புரிந்தது. ஒரு க்யூ1 ஜர்னலுக்கு அனுப்பினான். ஏழு மாதம் கழித்து, ஒரே மாநிலத்தைப் பற்றியது, உலக வாசகர்களுக்கு ஆர்வம் இருக்காது என்று இரண்டு வரியில் திருப்பினார்கள். இங்கே ஒரு கோடிக்கும் மேலான குடும்பங்கள் சாப்பிடுவதைப் பற்றிய கட்டுரை. நம் ஊர்க் கொள்கை வகுப்பவர்கள் படிக்கும் இந்திய இதழ் ஒன்றில் போடலாம் என்று நினைத்திருந்தான். சுற்றறிக்கை வந்த பிறகு அதைக் கைவிட்டு, தலைப்பில் 'வளரும் நாடுகள்' என்று சேர்த்து, நாகப்பட்டினத்தை அடிக்குறிப்புக்குத் தள்ளி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆறு ஆண்டு பதிவு செய்து வைத்துக்கொண்டு துறைப்பக்கமே வராத ஸ்காலர்கள் இருக்கிறார்கள். வேறு யாரோ எழுதிக்கொடுத்த ஆய்வேடுகள் வந்திருக்கின்றன. வைவாவில் தன் ஆய்வின் தலைப்பையே தடுமாறிப் படித்தவரை நானே பார்த்திருக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறை ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதை நீக்கியது. 2025 பிப்ரவரியில் தான் அங்கீகரித்த ஜர்னல்களின் 'கேர்' பட்டியலையும் கைவிட்டு, தரத்தை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஆக, நீங்கள் ஏதோ ஒன்று செய்தாக வேண்டும். ஆனால் செய்தது என்ன? ஆசிரியர் நியமனத்துக்கான 2018 யு.ஜி.சி. மதிப்பெண் அட்டவணையில்கூட, இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதினால் முதல் ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம் என்று ஏதாவது கிடைத்தது. நாம் அதையும் இறுக்கிப் பூஜ்யமாக்கிவிட்டோம்.

இந்த இறுக்கத்தால் தரம் கூடாது என்பதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன். சுற்றறிக்கை வந்த இரண்டாம் வாரத்தில் எங்கள் ஸ்காலர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. க்யூ1 ஜர்னல், ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரை, முதல் பெயருக்கு ஒரு விலை, நாலாவது பெயருக்கு ஒரு விலை. சுற்றறிக்கை நமக்கு வந்ததா, முதலில் அவர்களுக்குப் போனதா என்று தெரியவில்லை. ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் ஜர்னல்களில் வந்த 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை 2023இல் மட்டும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவற்றில் நல்ல இம்பாக்ட் ஃபேக்டர் வைத்திருந்த ஜர்னல்களும் உண்டு. க்யூ1 முத்திரை நேர்மைக்கு உத்தரவாதம் இல்லை.

என் கையும் முழுக்கச் சுத்தம் இல்லை. இணைப் பேராசிரியர் பதவி உயர்வுக்கு எண்ணிக்கை குறைந்தபோது, நான் ஒரு பத்தியைத் திருத்தியதைத் தவிர எதுவும் செய்யாத இரண்டு கட்டுரைகளில் என் பெயர் ஏறியது. இன்றும் என் தன்விவரக் குறிப்பில் அவை இருக்கின்றன. எண்ணிக்கை கேட்டால் மனிதர்கள் எண்ணிக்கையைக் கொடுப்பார்கள், நானும் கொடுத்தேன். என் மாணவியிடமும் ஒருவர், "வயல் போனால் என்ன, இருபது கட்டுரை படித்து ஒரு ரிவ்யூ எழுதிப் போட்டுவிடு" என்று சொல்லியிருக்கிறார். அக்கறையில்தான் சொன்னார். அவள் என்னிடம் வந்து, "மேடம், அப்போ விதையை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

அதனால் கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறேன்.

முதலாவதும் அவசரமானதும்: இந்த விதியை 2025க்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பொருத்தாதீர்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது கோட்டைத் தள்ளிப் போடுவது எந்தச் சட்டத்திலும் நியாயம் இல்லை. இந்த மாதத்தோடு நிறுத்தச் சொன்ன உதவித்தொகைகளை நிறுத்தாமல் தொடருங்கள். ஏற்கெனவே ஏழு மாதப் பாக்கி இருக்கிறது, அதையும் கொடுங்கள். தேசிய அளவில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். நாம் கொடுப்பது அதில் பாதிகூட இல்லை. அதையாவது மாதாமாதம் கொடுக்கலாம்.

இரண்டாவது, க்யூ1 எண்ணிக்கைக்குப் பதிலாக வாசிப்பை வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாணவர் தன் வேலையை எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் துறையைத் தெரிந்த, இந்தப் பல்கலைக்கழகத்தைச் சேராத இரண்டு பேர் அதைப் படித்து, கேள்வி கேட்டு, எழுத்தில் கருத்துச் சொல்லட்டும். இப்போது டி.சி. (முனைவர் பட்டக் குழு) மீட்டிங் என்ற பெயரில் பதினைந்து நிமிடத்தில் டீயோடு முடிவதை உண்மையான கூட்டமாக்கினாலே பாதி வேலை முடிந்தது. துறைப்பக்கமே வராதவர் முதல் ஆறு மாதத்திலேயே மாட்டிக்கொள்வார்.

மூன்றாவது, எந்தப் படைப்பைக் கணக்கில் எடுப்பது என்பதைத் துறை முடிவு செய்யட்டும். கணிதத்திலும் பொருளியலிலும் அகர வரிசைப் பெயர்களுக்கு முழு மதிப்பு கொடுங்கள். இயற்பியலில் பெரிய கூட்டு முயற்சியில் மாணவர் தான் செய்த பங்கை எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். எங்கள் துறையில் தேசிய தாவர மரபணு வளப் பணியகத்தில் பதிவு செய்த, தனிக் குணம் உள்ள ஒரு விதை வகையை ஒரு கட்டுரைக்கு இணையாகவாவது எண்ணுங்கள். பொருளியலில் சுத்தம் செய்து பொதுவில் வைக்கப்பட்ட கள ஆய்வுத் தரவையும், இந்திய இதழ்களில் வரும் கட்டுரைகளையும் சேருங்கள்.

நான்காவது, வயலை, கருவியை, அரசுத் தரவை நம்பியிருக்கும் ஆய்வுகளுக்கு இழப்புக் கால விதி ஒன்று வேண்டும். புயலால் ஒரு பருவம் போனால் ஒரு பருவம் நீட்டிப்பு, உதவித்தொகையோடு. யு.ஜி.சி. விதியே ஆறு ஆண்டு வரை இடம் கொடுக்கும்போது மூன்றாம் ஆண்டில் கதவைச் சாத்த நமக்கு ஒரு காரணமும் இல்லை. கைடு மீதான இரண்டு ஆண்டுத் தடையையும் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை எந்தக் கைடும் கஷ்டமான கேள்வியை மாணவருக்குக் கொடுக்க மாட்டார், நான் உட்பட.

கடைசியாக ஒன்று. எங்கள் நாற்றங்காலுக்கு ஆகஸ்ட் கடைசி வாரத்தில் விதை போட்டால்தான் அந்த நாட்டு ரகம் சரியான நேரத்தில் பூக்கும். நிலத்துக்காரருக்கு அதற்கு முன் குத்தகை சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் 15க்குள் எழுத்தில் பதில் தாருங்கள். விதை குளிர்பெட்டியில் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
நெல் மரபியல் இணைப் பேராசிரியர்,
தாவரவியல் துறை